கடைசித் தாளில் பத்துக் கார்டு

காகித மில்லை மூடிய வருஷம் சிர்க்கா தன் வீட்டில் ஒரு டப்பாவைக்கூட விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் பேர் ஒட்டினாள். ஃப்ரீசரைத் திறந்தால் 'காளான், வேகவைத்தது', 'ஏரிமீன், சுத்தம் செய்தது'. அலமாரியைத் திறந்தால் 'சர்க்கரை', 'கட்டிச் சர்க்கரை', 'விருந்தாளிக்கு மட்டும்'. நிலவறையில் காட்டுப்பழ ஜாம் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு பாட்டிலிலும் மெல்லிய சிவப்புக் கட்டம், ஓரத்தில் சின்னதாக ஒரு மரத்தின் படம். பார்க்கக் கடைச் சாமான்போல இருக்கும். தின்னத்தான் ஆளில்லை. பிள்ளைகள் இருவரும் தெற்கே போய்விட்டார்கள்.

"அப்படியே என் நெத்தியிலயும் ஒன்னு ஒட்டிடு. 'ரெய்யோ, காலாவதி'ன்னு" என்றான் அவள் புருஷன்.

"ஒட்டலாம்தான். சனிக்கிழமை சவுனாவுல ஆவிக்குளியலுக்குக்கூடப் போகாதவன் நெத்தியில எதுவும் ஒட்டாது, கிழவா."

நான் சுவருக்கு இந்தப் பக்கத்து வீடு. பேர் ஹில்க்கா. மில் கேன்டீனில் சூப் ஊற்றிக் கொடுத்தே என் இடுப்பு போனது. எங்கள் வரிசை வீடுகளில் சுவர் மெல்லியது. பக்கத்து வீட்டில் ஸ்பூன் விழுந்தால் நம் வீட்டில் குனிந்து தேடலாம். அதனால் அவர்கள் வீட்டு விஷயம் எனக்குத் தெரியும் என்றால், ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மூடப்போகிறோம் என்று தலைநகரத்திலிருந்து வந்து சொன்னார்களே, அதை என் கேன்டீனில் வைத்துத்தான் சொன்னார்கள். கோட்டுப் போட்ட பையன் ஒருவன் திரையில் படம் போட்டுக் காட்டினான். நான் ஏலக்காய் பன் சுட்டு வைத்திருந்தேன். தட்டு தட்டாக அப்படியே திரும்பி வந்தது. எங்கள் ஊரில் பன் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. ரெய்யோவும் பெந்த்தியும் எப்போதும்போல ஜன்னலோர மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் மிஷினில் ஒரே ஷிப்டு, பிள்ளைகள் பிறக்கும் முன்பிருந்தே ஜோடி. ஒருவன் கூழ் ஏறும் ஈர முனையில் நின்றால் மற்றவன் தாள் இறங்கும் காய்ந்த முனையில் நிற்பான். நடுவில் அந்த மிஷினின் இரைச்சல். கையசைவிலேயே பேசிக்கொள்வார்கள். அன்றைக்கு இரைச்சல் இல்லை, பேசவும் இல்லை.

அதன் பிறகுதான் வேலைவாய்ப்பு அலுவலகம் கம்ப்யூட்டர் வகுப்பு வைத்தது. கடிதம் எழுதுவது, லேபிள் அடிப்பது, விசிட்டிங் கார்டு அடிப்பது. இனி எல்லாரும் சொந்தக் காலில் நிற்கணுமாம். ரெய்யோ ஒரு நாள் போனான். மவுஸைப் பிடித்தால் அது அவன் உள்ளங்கைக்குள் காணாமல் போயிற்றாம். மறுநாள் வரமாட்டேன் என்று படுத்துக்கொண்டான். அவன் நாற்காலியில் சிர்க்கா போய் உட்கார்ந்தாள். வாத்தியார் "ரெய்யோ ஹர்யுலா" என்று கூப்பிட்டால் இவள் கை தூக்குவாள். அவரும் எழுதிக்கொள்வார். யாருக்கு என்ன நஷ்டம்?

ஒரு வியாழக்கிழமை, பட்டாணி சூப் கொதிக்கும் நேரம், நான் அவர்கள் அடுக்களையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம்தான், ஆனால் நவம்பர் மாதத்து வெளிச்சம் எப்போது வந்தது எப்போது போனது என்று சொல்ல முடியாது. சிர்க்கா வெள்ளைத் தாளில் ஒரு மாதிரி அடித்து, அதைக் கார்டுத் தாளோடு சேர்த்துப் பிடித்து, விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். அந்தத் தாளில் கார்டு கார்டாகக் கிழிக்கும்படி சின்னச் சின்னத் துளைகள் போட்டிருக்கும், பக்கத்துக்கு ஐந்தாக இரண்டு வரிசை. எழுத்து அந்தக் கோட்டைத் தாண்டி இறங்கினால் தாள் பாழ். அவள் ஏற்கனவே பாக்கெட்டில் பாதியைப் பாழாக்கியிருந்தாள். போன் நம்பரின் கடைசி எண் எப்போதும் அடுத்த கார்டுக்குள் போய் விழுந்தது.

"இப்பச் சரியா இருக்கு. ஹில்க்கா, நீ பாரு. உனக்குக் கண்ணு நல்லா தெரியும்."

பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. பிரிண்டர் முனகிக்கொண்டே தாளைத் துப்பியது. மேலே 'ரெய்யோ ஹர்யுலா'. கீழே 'வீட்டு வேலை, தோட்ட வேலை, விறகு, பனி அகற்றுதல்'. அதற்கும் கீழே 'எந்த நேரமும் கூப்பிடலாம்', நம்பர். ஜாம் பாட்டிலில் இருந்த அதே சிவப்புக் கட்டம், அதே மரம்.

சிர்க்கா ஒரு கார்டைக் கிழித்து அவன் முன்னால் வைத்தாள். ரெய்யோ படிக்கவில்லை. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தான். ஓரத்தை மடக்கினான்.

"தாளோட இழை குறுக்கே ஓடுது. எவன் வெட்டினது இதை?"

"இழையைப் பாக்கச் சொல்லலை. எழுத்தைப் பாரு."

"வெளிநாட்டுத் தாள்."

"கடையில அதுதான் இருந்துச்சு."

"கடையில அதுதான் இருக்கும். நம்ம மிஷினை நிறுத்திட்டு அங்கே ஓட்டுறான் இல்ல." கார்டைத் திருப்பினான். "'எந்த நேரமும்'னு போட்டிருக்கே. நான் என்ன ஆம்புலன்ஸா?"

"பின்ன, உனக்கு வேற என்ன வேலை இருக்கு? சொல்லு கேப்போம்."

அவன் சூப்பில் கடுகு விழுதைப் போட்டுக் கலக்கினான், கலக்கினான், கலக்கிக்கொண்டே இருந்தான்.

"நான் பேப்பர் மிஷின்காரன்" என்றான் கடைசியில். "கார்டில அப்படித்தான் போடணும்."

"மிஷின் எங்கே இருக்கு, கிழவா?"

எனக்கே சுருக்கென்றது. சிர்க்காவுக்கும் சொன்ன பிறகு மனசு கேட்கவில்லை. வெண்ணெயை அவன் பக்கம் நகர்த்தினாள். ஆனால் அவளையும் குற்றம் சொல்ல முடியாது. ஏழெட்டு மாதமாக அந்த மனுஷன் ஜன்னல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். ஏரிக்குப் போகவில்லை, வலை போடவில்லை. பெந்த்தி வீடு ஏரியின் அக்கரையில்தான், சைக்கிளில் போனால் ஒரு பாட்டு கேட்டு முடிவதற்குள் போய்விடலாம். அங்கேயும் போகவில்லை. அவனும் வரவில்லை. ஷிப்டு இருந்தவரை சந்திக்க ஒரு காரணம் இருந்தது. இப்போது போய் என்ன சொல்வது? 'சும்மா வந்தேன்' என்று சொல்ல எங்கள் ஊர் ஆண்பிள்ளைக்கு நாக்கு வராது.

"இவன் இப்படியே உக்காந்து உக்காந்து ஒரு நாள் எந்திரிக்க மாட்டான் ஹில்க்கா" என்று சிர்க்கா குப்பைத்தொட்டிப் பக்கம் வைத்து என்னிடம் சொன்னாள். "எனக்குப் பயமா இருக்கு. சம்பாதிக்கிறதுக்காகவா கார்டு அடிச்சேன்? ஒரே ஒரு ஆளுகிட்ட அவன் கையால ஒன்னு குடுக்கட்டும், போதும். குடுத்துட்டான்னா வெளிய வந்துருவான்."

கார்டுகள் அலமாரி இழுப்பறைக்குள் போயின. இழுப்பறை மேல் 'கார்டுகள்' என்று ஒட்டினாள்.

எந்திரிக்காமல் போனது ரெய்யோ இல்லை, பெந்த்தி. டிசம்பரில், முதல் கெட்டிப்பனி விழுந்த அன்று, முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். இதயம் என்றார்கள். ஷிப்டுக்காரன் வெய்க்கோ வந்து தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்று சொன்னான்.

"உள்ளே வாயேன்" என்றாள் சிர்க்கா.

"பூட்ஸு ஈரம்." அவன் உள்ளே வரவில்லை. "ஷிப்டுல எல்லாரும் சேர்ந்து ஒரு மலர்வளையம் வெக்கிறோம். நீதான் படிக்கணும் ரெய்யோ. நீதான் ஜோடி."

"ம்."

அவ்வளவுதான். வெய்க்கோ போனான். ரெய்யோ ஜன்னலுக்குத் திரும்பினான். அக்கரை விளக்குகளில் எது பெந்த்தி வீட்டு விளக்கு என்று அவனுக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் சவப்பெட்டியில் பூ வைக்கிறவர்கள் சும்மா வைத்துவிட்டு வருவதில்லை. ஒவ்வொரு கூட்டமாக முன்னால் போய், பூவோடு இருக்கும் கார்டை எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்து, குனிந்து வணங்கித் திரும்ப வேண்டும். கார்டில் என்ன இருக்கிறதோ அது. ஒரு சொல் கூட்டுவதில்லை, குறைப்பதில்லை. பாதிரியார்கூட அங்கே வாய் திறக்க மாட்டார். பேசத் தெரியாத ஊருக்கு அது பெரிய உதவி.

பூக்கடையில் கேட்டால் நாலு வரிக் கவிதை எழுதிக் கொடுப்பார்கள். ரெய்யோ வேண்டாம் என்றான். மூன்றாம் நாள் காலையில் காபியைப் பார்த்துக்கொண்டே சொன்னானாம்:

"இப்படிப் போடு. 'ஷிப்டு முடிஞ்சது பெந்த்தி. வீட்டுக்குப் போ. இரண்டாம் மிஷின் ஆட்கள்.'"

சிர்க்கா அழுதுவிட்டாள். கார்டு அடித்த நாளுக்குப் பிறகு அவன் சேர்ந்தாற்போலப் பேசியது அதுதான் என்றாள் என்னிடம்.

கார்டுத் தாள் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். தேவையோ ஒரு கார்டு. மீதி ஒன்பதையும் வெள்ளையாக விட்டால் வீண்தானே? ஒருமுறை பிரிண்டருக்குள் போய் வந்த தாள் மறுமுறை சிக்கிக்கொள்ளும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதனால் ஒன்பது கட்டத்தில் ரெய்யோவின் கார்டை அப்படியே வைத்தாள். கடைசிக் கட்டத்தில் மட்டும் பழையதை அழித்துவிட்டுப் பெந்த்திக்கான மூன்று வரியை அடித்தாள். 'எல்லாவற்றையும் ஒரேபோல் மாற்று' என்று ஒரு பொத்தான் உண்டு, அதை மட்டும் தொட்டுவிடக் கூடாது. தொடவில்லை. அவளுக்கு அதில் பெருமைகூட. எங்கள் ஊர்க்காரி யாராக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பாள். நான் முதல் ஆளாகச் செய்திருப்பேன்.

அடக்கத்தன்று காலையில் சிர்க்காவும் நானும் முன்னாலேயே கிளம்பினோம். சபை மண்டபத்தில் காபிக்கும் சாண்ட்விச் கேக்குக்கும் நாங்கள்தான் பொறுப்பு. வாசலில் நின்று அவள் கத்தினாள்:

"மேசை மேல தாள் இருக்கு. கீழே வலது பக்க மூலையில இருக்கறதைக் கிழிச்சுக்க. மறந்துடாதே!"

"மறக்க மாட்டேன்."

மறக்கவில்லைதான். ஆனால் தாள் சிர்க்கா உட்காரும் பக்கம் பார்த்துக் கிடந்தது. அவன் எதிர்ப்பக்கம் நின்றபடி, கண்ணாடி போடாமல், தன் வலது கைப் பக்கத்து மூலையைக் கிழித்தான். சிவப்புக் கட்டம் இருந்தது, மரம் இருந்தது, சில வரி எழுத்து இருந்தது. கறுப்புக் கோட்டின் உள்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

கல்லறைச் சிற்றாலயத்தில் நல்ல கூட்டம். மில் மூடிய பிறகு எல்லாரும் ஓரிடத்தில் கூடியது அன்றைக்குத்தான். எல்லாருக்கும் கழுத்துப் பட்டை இறுக்கமாக இருந்தது. வீட்டிலேயே உட்கார்ந்தால் உடம்பு போடத்தானே செய்யும். பெந்த்தியின் பெண்டாட்டி அன்னிக்கி முன்வரிசையில் அசையாமல் இருந்தாள். மகளும் மகனும் முதலில் போய் வாசித்தார்கள். பிறகு அண்ணன் தம்பிகள், பிறகு மீன்பிடிச் சங்கம். அதன் பிறகு இரண்டாம் மிஷின்.

ஷிப்டுக்காரர்கள் ரெய்யோவுக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். வெய்க்கோ வளையத்தைப் பெட்டியருகில் சாய்த்து வைத்தான். ரெய்யோ பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டான். கார்டை எடுத்தான். பார்த்தான்.

கார்டைத் திருப்பினான், பின்பக்கம் ஒன்றுமில்லை. மறுபடி திருப்பினான். எனக்குப் பக்கத்தில் சிர்க்கா கழுத்தை நீட்டினாள். "என்னாச்சு? ஏன் படிக்க மாட்டேங்கறான்?" என்று கிசுகிசுத்தாள். அப்புறம் அவள் கை என் முழங்கையைப் பிடித்தது. "ஐயோ, ஹில்க்கா."

மூன்றே வரி. அவனே சொன்ன வரி. மனப்பாடமாகச் சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கு யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அங்கே நின்றவனுக்கு அது வரவில்லை. கையில் கார்டு இருந்தால் வாசிக்க வேண்டும் என்று மட்டும்தான் அவன் உடம்புக்குத் தெரிந்தது. வாசித்தான்.

"ரெய்யோ ஹர்யுலா" என்றான், மிஷின் இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி கத்திப் பழகிய அந்தக் குரலில். "வீட்டு வேலை. தோட்ட வேலை. விறகு. பனி அகற்றுதல்."

பின்னால் யாரோ இருமினார்கள். வெய்க்கோவின் காதுமடல் சிவந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். எனக்கு மட்டும் தரை பிளந்து உள்ளே போய்விடலாம்போல இருந்தது. பாவம், சிர்க்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"எந்த நேரமும் கூப்பிடலாம்" என்று வாசித்தான் ரெய்யோ. அங்கே நின்றுவிட்டான். நம்பரை வாசிக்கவில்லை. கார்டிலிருந்து தலையைத் தூக்கிப் பெட்டியைப் பார்த்தான்.

"கூப்பிட்டிருக்கலாமேடா" என்றான். "அக்கரையிலதானே இருந்தேன்."

கார்டில் இல்லாத சொல்லை அந்தச் சிற்றாலயத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவன் கார்டை வளையத்தின் மேல் வைத்துவிட்டுக் குனிந்தான். பின்னால் நின்றவர்களும் குனிந்தார்கள். நிமிர்ந்தபோது வெய்க்கோ முகத்தைத் தொப்பியால் துடைத்துக்கொண்டிருந்தான். அழுத கண்ணோடு எங்கள் ஊர் ஆண்களை நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கும் தாங்கவில்லை.

மண்டபத்தில் ரெய்யோ கதவோரம், கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தான். சிர்க்கா காபியைக் கொண்டுபோய் வைத்தாள்.

"என் தப்புதான். நான் தனியா வெட்டி வெச்சிருக்கணும்."

"விடு."

"ஊரே சிரிக்கப் போவுது."

"சிரிக்கட்டும்." அவன் காபியைத் தொடவில்லை. "வீட்டுக்குப் போலாம், அம்மா."

பிள்ளைகள் வீட்டில் இருந்த காலத்தில் அவளை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். பிள்ளைகள் போன பிறகு அன்றைக்குத்தான் கூப்பிட்டான். அவளும் மறுபேச்சுப் பேசாமல் தன் கோட்டை எடுக்கப் போனாள். கேக்கை நானே தனியாக வெட்டிக் கொடுத்தேன்.

ஊர் சிரிக்கவில்லை. ஆனால் கூப்பிடவும் இல்லை. யாரிடம் என்ன வேலை இருக்கிறது கொடுக்க? அவனவன் தன் வாசல் பனியைத் தானே அள்ளிக்கொண்டு, அதையாவது செய்ய முடிகிறதே என்று இருந்தான். ரெய்யோ ஜன்னலோரம் திரும்பப் போய் உட்கார்ந்தான். முன்பாவது சிர்க்காவோடு சண்டை பிடிப்பான், இப்போது அதுவும் நின்றுவிட்டது. சுவர் வழியாக எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அது எனக்கு நல்லதாகப் படவில்லை. ரொட்டி சுட்டேன் என்று ஒருநாள் போனேன். சிர்க்கா வாசலிலேயே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு காலையில் அவர்கள் வீட்டுப் போன் அடித்தது. நெடுநேரம் அடித்தது. பிறகு சிர்க்காவின் குரல்.

"உனக்குத்தான். எந்திரி."

"யாரு?"

"எந்திரின்னு சொன்னேன்."

கூப்பிட்டது பெந்த்தியின் அன்னிக்கி. முற்றத்தில் விறகு பிளந்தும் பிளக்காமலும் பனிக்கடியில் கிடக்கிறது, உள்ளே அடுப்புக்கு இல்லை. மகன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். வர முடியுமா?

ரெய்யோ போனான். சைக்கிளை எடுக்கவில்லை. ஏரி நன்றாக உறைந்திருந்தது, குறுக்கே நடந்தான். சிர்க்கா என் வீட்டுக்கு ஓடி வந்தாள். இரண்டு பேரும் என் ஜன்னலில் நின்று, அந்த வெள்ளைப் பரப்பில் அவன் சின்னதாகிப் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அங்கே நடந்ததை பெந்த்தியின் பெண்டாட்டியே பிறகு என்னிடம் சொன்னாள். கோடரி கட்டையிலேயே செருகியபடி நின்றதாம். பெந்த்தி விழுந்த நாளிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை, சுற்றிலும் பனி உறைந்திருந்தது. ரெய்யோ வெந்நீர் கேட்டு வாங்கி ஊற்றினான். பிறகு அதன் முன்னால் வெறுமனே நின்றான். அன்னிக்கி ஜன்னலிலிருந்து பார்த்தாள். வேண்டாம், போய்விடு என்று சொல்லலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியதாம். அப்புறம் அவன் கோடரியை எடுத்தான். இருட்டும் வரை பிளந்தான். பெந்த்தி விறகை மெல்லிசாகப் பிளப்பான், அடுக்கைப் பார்த்தாலே தெரியும். ரெய்யோ தடித்த கட்டையாகப் போடுகிற ஆள். அன்றைக்கு மெல்லிசாகவே பிளந்து, பெந்த்தி விட்ட இடத்திலிருந்து அடுக்கினான்.

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி ஊற்றினாள்.

"கூலி எவ்வளவுன்னு கார்டுல போடலையே" என்றாள்.

"போடலை."

"சொல்லு."

"காபி குடுத்துட்டே இல்ல."

அவள் எதிரே உட்கார்ந்தாள். பெந்த்தியின் நாற்காலி காலியாக இருந்தது. இருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அடக்கம் நடந்தப்போ பெட்டிக்கிட்ட நீ அவன்கிட்ட ஒன்னு கேட்டியே, ரெய்யோ" என்றாள் அன்னிக்கி. "அவன் போனை எடுப்பான். இந்த மேசையிலேயே உக்காந்து எடுப்பான். உன் நம்பரை அழுத்துவான், பாதியில வெச்சிருவான். ஒரு தடவை இல்ல. 'என்னன்னு சொல்லுவேன்?'னு என்னையே கேப்பான். 'சும்மா கூப்பிட்டேன்னு சொல்லேன்'னு நான் சொன்னா, 'போடி பைத்தியம்'பான்."

ரெய்யோ கோப்பையை மேசையில் வைத்தான். காபி கொஞ்சம் விரிப்பில் சிந்தியது.

"நானும்" என்றான்.

அன்னிக்கி துணியை எடுத்து வந்து துடைத்தாள். அவன் அழுது முடிக்கிற வரைக்கும் அந்த ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாளாம்.